நீச்சல் குளம், ஜக்கூஸி: தண்ணீரை எதை வைத்துச் சோதிப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மகாபலிபுரம் சாலையில் எங்கள் குடியிருப்பு. 60,000 லிட்டர் பூல் ஒன்று, அதன் ஓரத்தில் 1,500 லிட்டர் சுடுநீர் ஜக்கூஸி ஒன்று. வேலையில் இருந்த காலத்தில் பாய்லர் தண்ணீரைப் பரிசோதித்துப் பழகியவன் என்று ஒரு கூட்டத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே பூல் கமிட்டி என் தலையில் விழுந்தது. நான்கு வருடமாக லிஃப்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலை எழுதி வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. இதுக்கு எதுக்கு சார் டெஸ்ட்டு?"

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் ஃபில்டர் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். கிருமியைக் கொல்வது குளோரின். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. குளோரின் முழுக்கத் தீர்ந்துபோன தண்ணீரும் ஓரிரு நாள் அடித்தரை டைல்ஸ் தெரிய மின்னும். பச்சை படர்ந்து நம் கண்ணுக்குத் தெரியும்போது விஷயம் கைமீறியிருக்கும்.

சூடான தொட்டியில் இந்த ஏமாற்று இன்னும் ஆபத்தானது. 1999-ல் நெதர்லாந்தின் பொவன்கார்ஸ்பெல் ஊர் மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக ஓடவிட்டுக் காட்டிய ஒரு சுழல்நீர்த் தொட்டியிலிருந்து கிளம்பிய திவலைகளில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா இருந்தது. தொட்டியில் யாரும் இறங்கக்கூட இல்லை. பக்கத்தில் நடந்து போனவர்கள் மூச்சில் இழுத்ததே போதுமாக இருந்தது. குறைந்தது 32 பேர் இறந்தார்கள். பார்வைக்கு அதுவும் நல்ல தண்ணீர்தான்.

"குளோரின் வாடை மூக்கைத் துளைக்குதே, அப்ப குளோரின் ஜாஸ்தின்னுதானே அர்த்தம்?"

பெரும்பாலும் தலைகீழ். வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு ஆகியவற்றிலுள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் சேர்ந்து குளோரமைன் உண்டாகிறது. கண்ணை எரிப்பதும் மூக்கில் ஏறுவதும் அதுதான். வேலை செய்யத் தயாராக இருக்கும் குளோரினை 'ஃப்ரீ' என்பார்கள். அழுக்கோடு சேர்ந்து சக்தி போனதை 'கம்பைண்டு' என்பார்கள். இரண்டின் கூட்டல் 'டோட்டல்'.

ஆகவே வாடை வந்தால் குளோரினைக் குறைக்காதீர்கள். ஃப்ரீ எவ்வளவு, டோட்டல் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 0.5 பிபிஎம்மைத் (ஒரு பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) தாண்டினால் தண்ணீரில் அழுக்குச் சுமை ஏறியிருக்கிறது. இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வையுங்கள். எந்த கிட்டை வாங்குவது என்ற முடிவே இதில்தான் இருக்கிறது.

"மொத்தம் என்னென்ன பார்க்கணும்? ஒரு லிஸ்ட் குடுங்க போதும்."

தினமும் ஃப்ரீ குளோரினும் பிஎச்சும் (தண்ணீரின் அமில-கார அளவு). வாரம் ஒருமுறை காரத்தன்மை (பிஎச்சை நிலையாகப் பிடித்து வைக்கும் உப்புகளின் அளவு). மாதம் ஒருமுறை கால்சியம் கடினத்தன்மையும் சயனூரிக் அமிலமும் (வெயிலில் குளோரின் வீணாகாமல் காப்பது; கடையில் 'ஸ்டெபிலைசர்' என்பார்கள்).

பூலில் ஃப்ரீ குளோரின் குறைந்தது 1 பிபிஎம், சயனூரிக் அமிலம் இருக்கும் பூலில் குறைந்தது 2, சூடான தொட்டியில் குறைந்தது 3. பிஎச் 7.0 முதல் 7.8 வரை. இவை அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்லும் அளவுகள். காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் வரை இருந்தால் பிஎச் துள்ளாமல் நிற்கும்.

பிஎச்சை ஏன் குளோரினுக்குச் சமமாக வைக்கிறேன் என்றால், பிஎச் 7.5-ல் ஃப்ரீ குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் வீரியமான வடிவத்தில் இருக்கிறது. 8-க்குப் போனால் அது கால் பங்காகிவிடும். கிட்டில் அதே 2 பிபிஎம் காட்டும், வேலை பாதியாகிவிடும்.

"வீட்டுல ஆர்ஓ-வுக்கு வாங்கின டிடிஎஸ் மீட்டர் இருக்கு. அதை விட்டுப் பார்த்தா போதாதா அங்கிள்?"

போதாது. டிடிஎஸ் மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்பைத் தோராயமாகச் சொல்லும். அந்த உப்பில் எது குளோரின், எது கால்சியம், எது சாதாரணச் சமையல் உப்பு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. குளோரினே இல்லாத போர் தண்ணீரில் 1,500 காட்டும். அதைப் பார்த்துவிட்டு "தண்ணி ஸ்ட்ராங்கா இருக்கு" என்று ஒருவர் எங்கள் குழுவில் போட்டிருந்தார். தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும் என்று யோசிக்க மட்டும் அது உதவும்.

"எங்க ஆபரேட்டர் ரெண்டு சொட்டு விடுவார், மஞ்சளா மாறும், ஓகேம்பார். அது சரியான டெஸ்ட்டா?"

அது ஓடிஓ, அதாவது ஆர்த்தோடொலுயிடின். விலை மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும், மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். கோளாறு என்னவென்றால் அது காட்டுவது டோட்டல் குளோரின். நூறு பேர் குளித்து நாறிப்போன தண்ணீரிலும் கம்பைண்டு குளோரின் இருக்கும், மஞ்சளும் வரும், "ஓகே"யும் வரும். வாடையைப் பற்றிய கேள்வியில் சொன்ன கழித்தலை இதை வைத்துப் போடவே முடியாது.

இன்னொன்று: ஓடிஓ புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள். விரலால் குழாய் வாயை மூடிக் குலுக்குவது, சோதித்த தண்ணீரைத் திரும்பப் பூலிலேயே ஊற்றுவது, இரண்டையும் நான் எங்கள் ஆபரேட்டரிடம் நிறுத்தச் சொல்லி ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் கிட்டையே மாற்றியதுதான் வழியாக இருந்தது.

"ஸ்ட்ரிப்பா, சொட்டு கிட்டா, டிஜிட்டலா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, வாங்கிடறோம்."

ஒன்றே ஒன்று என்றால், சொட்டு எண்ணும் டிபிடி கிட். டிபிடி என்பது குளோரின் பட்டால் சிவக்கும் சோதனை மருந்து. கடையில் 'எஃப்ஏஎஸ்-டிபிடி' என்று கேளுங்கள். டிபிடி முறையை 1957-ல் பிரிட்டனைச் சேர்ந்த வேதியியலாளர் பாலின் கொண்டுவந்தார். ஃப்ரீயையும் கம்பைண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதுதான் அதன் சிறப்பு. டிபிடி பவுடரைப் போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். பிறகு இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றிக்கொண்டே வர வேண்டும். சிவப்பு சட்டென்று மறைந்து தண்ணீர் நிறமற்றுப் போகும் இடத்தில் நிறுத்த வேண்டும். 10 மில்லி தண்ணீர் எடுத்திருந்தால் ஒரு சொட்டு 0.5 பிபிஎம், 25 மில்லி எடுத்திருந்தால் ஒரு சொட்டு 0.2 பிபிஎம். பெருக்கினால் ஃப்ரீ குளோரின். அதே தண்ணீரில் மூன்றாவது மருந்தை விட்டால் கம்பைண்டு இருக்கும் பட்சத்தில் சிவப்பு திரும்ப வரும், திரும்பச் சொட்டு எண்ணலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் வேலையே இல்லை. சாயங்கால வெளிச்சம், ஆபரேட்டருக்கு வயதான கண், சிலருக்கு இருக்கும் நிறக்குருடு, எதுவும் பெரிதாகக் கெடுக்காது. நிறம் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணத் தெரிந்தவர் போதும்.

ஸ்ட்ரிப் (தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும், மருந்து தடவிய பட்டை) கெட்டதென்று சொல்லமாட்டேன். அரை நிமிடத்தில் "குளோரின் இருக்கிறதா, அடியோடு இல்லையா" என்று தெரிந்துகொள்ள, ஜக்கூஸியில் இறங்குவதற்கு முன் ஒரு பார்வை பார்க்க, ஸ்ட்ரிப் சரி. மருந்து எவ்வளவு போடுவது என்று அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளந்து எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் ஃபோட்டோமீட்டர் நல்ல கருவிதான், ஆனால் உள்ளே போவது அதே டிபிடிதான். கண்ணாடிக் குப்பியில் ஒரு கைரேகை, ஒரு நீர்த்துளி, ஒரு கீறல் இருந்தால் போதும், இரண்டு தசம இடத்துக்குத் துல்லியமாகத் தப்பாகச் சொல்லும். திரையில் 2.37 என்று வந்தால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை என்பதுதான் அதில் எனக்குள்ள பயம்.

"ஸ்ட்ரிப்ல ஒரே தண்ணிக்கு மூணு தடவை மூணு விதமா வருது. எது நிஜம்?"

பெரும்பாலும் தப்பு டப்பாவில் இருக்கிறது. ஸ்ட்ரிப்புக்கு ஈரம் எமன். நம் ஊர் காற்றில், அதுவும் கடலோரத்தில், பூல் பக்கத்து அலமாரியில் மூடி சரியாக இறுகாமல் இருந்தால் கொஞ்ச நாளில் போய்விடும். ஈரக் கையை உள்ளே விட்டு ஒன்றை எடுத்தால் மிச்சமெல்லாம் பாழ். காலாவதித் தேதி மூடிய டப்பாவுக்குத்தான்.

அடுத்தது கைப்பழக்கம். தண்ணீரில் எத்தனை நொடி, எடுத்தபின் எத்தனை நொடி கழித்துப் பார்ப்பது என்று டப்பாவில் இருப்பதை அப்படியே செய்ய வேண்டும். உதறினால் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களின் மருந்து ஒன்றோடொன்று வழிந்து கலந்துவிடும். போன் வந்து பேசிவிட்டுப் பார்த்தால் நிறம் மாறியிருக்கும்.

"தண்ணியை எங்க மொண்டு எடுக்கணும்? ஓரமா எடுத்தா ஆகாதா?"

ஓரத்தில், மேலாக எடுப்பது ஆகாது. மேல்மட்டத்தில் வெயில் குளோரினைத் தின்றிருக்கும், எண்ணெய்ப் படலமும் மிதக்கும். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கருகில் எடுத்தால் மருந்து கலந்த புதுத் தண்ணீர் கிடைத்து அதிகமாகக் காட்டும். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, முழங்கை நனையும் ஆழத்துக்கு இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்புங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மருந்து போட்டவுடனே பார்ப்பதும் வீண். பூலில் தண்ணீர் ஒரு சுற்றாவது சுற்றி வரட்டும்.

சோதனைக் குழாயை அந்தப் பூல் தண்ணீரிலேயே இரண்டு முறை அலசிவிட்டு எடுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவினால் மிச்சமிருக்கும் சோப்பே பிஎச்சைக் கெடுக்கும்.

"இப்பதான் ரெண்டு கிலோ பவுடர் கொட்டினேங்கறார். டெஸ்ட்டுல பார்த்தா சுத்தமா ஜீரோ. கொட்டலைன்னு சண்டை போடவா?"

பொறுங்கள். இந்தச் சண்டையை நான் போட்டு அசடு வழிந்திருக்கிறேன். அப்போது எங்களிடம் நிறம் பார்க்கும் டிபிடி மாத்திரை கிட் இருந்தது. குளோரின் அளவு 10 பிபிஎம்மையெல்லாம் தாண்டி எகிறிவிட்டால், டிபிடி கொடுக்கும் சிவப்பு நிறத்தையே குளோரின் வெளுத்துவிடும். துணியை வெளுப்பது போலத்தான். மருந்து விழுந்த நொடியில் லேசாக ஒரு சிவப்புக் கீற்று மின்னி மறையும், அப்புறம் தெளிந்த தண்ணீர். ஜீரோ என்று நம்பி நான் இன்னும் ஒரு கிலோ போடச் சொன்னேன். மறுநாள் மூன்று பேருடைய நீச்சலுடை நிறம் போயிருந்தது, ஒரு பெண்மணி என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

சந்தேகம் வந்தால் தண்ணீரை நீர்க்கச் செய்து பாருங்கள். பூல் தண்ணீர் ஒரு பங்கு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு. வரும் விடையை ஐந்தால் பெருக்குங்கள். நிஜமாகவே ஜீரோ என்றால் நீர்த்தபின்னும் ஜீரோதான். வெளுத்த ஜீரோ என்றால் சிவப்பு பளிச்சென்று வரும். சொட்டு எண்ணும் கிட்டில் நிறம் வரும்வரை பவுடரை இன்னும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

"பிஎச் சொட்டு விட்டா அட்டையிலயே இல்லாத ஊதா கலர் வருது. பிஎச் 9-ஆ?"

முந்தைய பதிலின் அண்ணன் தம்பி இது. பிஎச் பார்க்கும் ஃபீனால் ரெட், பிஎச் 6.8-ல் மஞ்சளாகவும் 8.2 பக்கம் அடர்சிவப்பாகவும் இருக்கும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது ஃபீனால் ரெட்டையே வேறு சாயமாக மாற்றி ஊதாவாக்கிவிடும். அதைப் பார்த்து ஆசிட் ஊற்றினால் பிஎச் அடிமட்டத்துக்குப் போய் ஹீட்டரின் செம்புக் குழாயை அரிக்கும். குளோரினை முதலில் பாருங்கள்; 10-க்கு மேல் என்றால் அது இறங்கும்வரை பிஎச் விடையை நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம். அட்டையில் கடைசி நிறம் 8.2 என்றால், 8.2-க்கும் 9-க்கும் ஒரே நிறம்தான் தெரியும். கடைசிக் கட்டத்தோடு பொருந்தினால் "8.2" என்று எழுதாமல் "8.2 அல்லது மேலே" என்று எழுதுங்கள். பிஎச்சில் ஒரு எண் ஏறினால் பத்து மடங்கு என்பதால் இது சின்ன விஷயமில்லை.

"பிஎச்சுக்காவது டிஜிட்டல் பேனா வாங்கலாமா? ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குதே."

வாங்கலாம், வளர்ப்புப் பிராணி வாங்குகிற மனநிலையோடு. முனையிலுள்ள கண்ணாடிக் குமிழ் காயவே கூடாது. மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் எப்போதும் இருக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்தால் நல்லது என்று நினைப்பார்கள், அது குமிழைக் கெடுக்கும். வாரம் ஒருமுறையாவது பிஎச் 7.00, 10.00 என்று அளவு தெரிந்த இரண்டு பஃபர் கரைசலில் வைத்துத் திருத்த வேண்டும். பஃபர் வாங்க மனமில்லாதவர் பேனாவும் வாங்க வேண்டாம்.

ஒழுங்காகப் பராமரித்தாலும் குமிழுக்கு ஆயுள் ஓரிரு வருடம்தான். பராமரிக்காத பேனாவை விட ஃபீனால் ரெட் சொட்டு எவ்வளவோ மேல்.

"பூலுக்கும் ஜக்கூஸிக்கும் ஒரே கிட் போதுமா?"

கிட் ஒன்றே போதும். எத்தனை முறை பார்ப்பது என்பதுதான் மாறும். பூலில் ஒரே நேரத்தில் 20 பேர் இறங்கினாலும் ஆளுக்கு 3,000 லிட்டர். ஜக்கூஸியில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 250 லிட்டர். அத்தனை பேர் வியர்வையும் பன்னிரண்டில் ஒரு பங்கு தண்ணீரில், அதுவும் சூட்டில். காலையில் 4 பிபிஎம் இருந்த குளோரின் ஒரு குடும்பம் உட்கார்ந்து எழுந்ததும் ஒன்றுக்கு வந்திருப்பதை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது, கூட்டமான நாளில் இன்னும் அதிகமாக. நீச்சலுடை மூடிய இடத்தில் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள் வந்து யாராவது காட்டினால், அது பெரும்பாலும் சூடோமோனாஸ் பாக்டீரியா, அதாவது நாம் சோதிக்காமல் விட்ட நாள்.

சூடான தண்ணீரை நேராகச் சோதனைக் குழாயில் விடாதீர்கள். 40 டிகிரி தண்ணீரில் (அதற்கு மேல் சூடாக்கவே கூடாது) நிறம் வருவதும் மாறுவதும் வேகமாக நடக்கும். மூடிய பாட்டிலில் எடுத்து, குழாய்த் தண்ணீரில் இரண்டு நிமிடம் பிடித்து ஆறவைத்துவிட்டு உடனே பாருங்கள். ஜக்கூஸிக்குக் குளோரினுக்குப் பதில் புரோமின் போடுபவர்கள் அதே டிபிடி கிட்டில் வரும் குளோரின் எண்ணை 2.25-ஆல் பெருக்கிக்கொள்ளலாம், குறைந்தது 4 பிபிஎம் வேண்டும்.

"ஜக்கூஸியில ஆசிட் விட்டு பிஎச்சை இறக்கினா மறுநாளே ஏறிடுது. கிட்டு ரிப்பேரா?"

கிட் சரியாகத்தான் சொல்கிறது. காற்றுக் குமிழ் அடிக்கும் தொட்டி அது. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு குமிழோடு வெளியே போகப் போக பிஎச் ஏறும், சோடா பாட்டிலைத் திறந்து வைத்தால் சுரீர் போவது மாதிரி. காரத்தன்மை அதிகமாக இருந்தால் இந்த ஏற்றம் வேகமாக இருக்கும். பிஎச்சை மட்டும் துரத்தாமல் காரத்தன்மையைச் சொட்டு எண்ணிப் பாருங்கள்: பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும்வரை, 25 மில்லிக்கு ஒரு சொட்டு 10 பிபிஎம். ஜக்கூஸிக்கு மட்டும் நான் 60, 70-லேயே நிறுத்தி வைக்கிறேன். ஆள் இல்லாத நேரத்தில் குமிழை அணைத்து வைத்தால் ஆசிட் செலவு பாதியாகும்.

"குளோரின் 3 காட்டுது, பிஎச் 7.4, எல்லாம் சரி. அப்புறம் ஏன் சார் பச்சை பிடிக்குது?"

இதுதான் எனக்கு வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி. கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பையன்.

சயனூரிக் அமிலம் என்பது குளோரினுக்குக் குடை. அது இல்லாத பூலில் நம் ஊர் உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். கொஞ்சம் குடை வேண்டும், 30 முதல் 50 பிபிஎம். ஆனால் நாம் பூலில் போடும் டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரையிலேயே சயனூரிக் அமிலமும் இருக்கிறது. 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம் அமிலம் கூடவே இறங்கும். தினம் 2 பிபிஎம் குளோரின் போட்டால் மாதம் 36, மூன்று மாதத்தில் 100-ஐத் தாண்டும். குளோரின் செலவாகிவிடும், அமிலம் ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. குடை பெரிதாகப் பெரிதாகக் குளோரின் அதற்குள்ளேயே ஒண்டிக்கொள்ளும். டிபிடி சோதனையில் மட்டும் வெளியே வந்து 'உள்ளேன் ஐயா' என்று கை தூக்கும். பூல் பராமரிப்பவர்களின் கைக்கணக்கு, ஃப்ரீ குளோரின் சயனூரிக் அமிலத்தில் குறைந்தது 7.5 சதவீதம் இருக்க வேண்டும் என்பது. அமிலம் 100 என்றால் குளோரின் 7.5 வேண்டும்; உங்கள் 3 எந்த மூலைக்கு?

இதற்கு ஸ்ட்ரிப் கிட்டத்தட்ட உதவாது. மெலமைன் கரைசல் சோதனைதான் சரி: பூல் தண்ணீரும் மருந்தும் சமமாகக் கலந்தால் பால் மாதிரி கலங்கும், அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் ஊற்றிக்கொண்டே வந்து புள்ளி மறையும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். வெளியில் பகல் வெளிச்சத்தில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். இரண்டு பேர் பார்த்தால் பத்து பிபிஎம் வித்தியாசம் வரும், பரவாயில்லை. 100 என்று வந்தால் நம்பாதீர்கள், அது அளவுகோலின் கடைசி. மேலே சொன்ன மாதிரி நீர்க்கச் செய்து திரும்பப் பாருங்கள். எங்களுக்கு அப்படிச் செய்தபோது 210 வந்தது. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது. ஜக்கூஸியில் இந்த மாத்திரையே வேண்டாம். சூடான தொட்டிகளில் சயனூரிக் அமிலம் கலந்த குளோரினைத் தவிர்க்கும்படி சிடிசியும் சொல்கிறது.

"அப்ப மாத்திரையை விட்டுட்டு பிளீச்சிங் பவுடருக்கு மாறிடலாமா? நம்ம லாரித் தண்ணிக்கு ஒத்து வருமா?"

மாறலாம், கால்சியத்தின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு. பூலுக்கென்று விற்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட் 10 பிபிஎம் குளோரினோடு 7 பிபிஎம் கடினத்தன்மையைச் சேர்க்கும். சுண்ணாம்பு கலந்த சாதாரண பிளீச்சிங் பவுடரில் இன்னும் அதிகம், அடியில் வண்டலும் நிற்கும். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஏற்கெனவே எவ்வளவு கடினம் என்பது உங்கள் வீட்டு கீசரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரிக்கு லாரி தண்ணீர் வேறு என்பதால், தொட்டியில் இறக்கும் முன் ஒரு பாட்டில் பிடித்துச் சோதிப்பது எங்கள் வழக்கம். கடினத்தன்மைச் சோதனையில் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும்வரை சொட்டு எண்ண வேண்டும். நீலம் வராமல் ஊதாவிலேயே மாட்டிக்கொண்டால் தண்ணீரில் இரும்போ செம்போ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒரு பக்கெட்டில் கொஞ்சம் குளோரின் போட்டு வையுங்கள், பழுப்பேறினால் இரும்புதான்.

ஒரு எச்சரிக்கை, சோதனைக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் போக முடியாது: மாத்திரையை அள்ளிய அதே கரண்டியால் பிளீச்சிங் பவுடரை அள்ளக்கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எந்தக் குளோரினோடும் ஆசிட் கலந்தால் விஷவாயு.

"இவ்வளவு தலைவலி எதுக்கு? மாசம் ஒரு தடவை லேபுக்கு அனுப்பிட்டா முடிஞ்சுது."

லேபுக்கு அனுப்புங்கள், ஆனால் குளோரினுக்காக அனுப்பாதீர்கள். பாட்டில் வெயிலில் வண்டியில் போய்ச் சேர்வதற்குள் குளோரின் போய்விடும், பிஎச்சும் நகர்ந்துவிடும். அந்த இரண்டும் குளக்கரையில் அப்போதே பார்க்க வேண்டியவை. கடினத்தன்மை, உலோகங்கள் எல்லாம் பயணத்தைத் தாங்கும். வருடத்துக்கு இரண்டு முறை லேப் எண்ணையும் நம் கிட் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் மருந்து கெட்டுவிட்டதா என்று தெரியும்.

பாக்டீரியா சோதனைக்கு லேபே கொடுக்கும் பாட்டிலைத்தான் வாங்க வேண்டும். அதில் சோடியம் தயோசல்ஃபேட் போட்டிருப்பார்கள். அது குளோரினை அங்கேயே நிறுத்திவிடும். சாதாரண மினரல் வாட்டர் பாட்டிலில் எடுத்தால், தண்ணீரில் இருந்த கிருமியைப் போகும் வழியில் குளோரின் கொன்றுவிட்டு நல்ல ரிப்போர்ட்டாக வாங்கிக் கொடுக்கும். பாட்டிலை அலசாதீர்கள், உள்ளே இருக்கும் தூள் அதற்காகத்தான்.

"டெஸ்ட் எல்லாம் நார்மல்னா பயமில்லாம குழந்தைங்களை இறக்கலாமா?"

ஏறக்குறைய. ஒரு விதிவிலக்கு: கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. வயிற்றுப்போக்குள்ள ஒருவர் தண்ணீரை அசுத்தப்படுத்தினால், 1 பிபிஎம் குளோரினில் அது பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். உங்கள் கிட் அழகாக 2 காட்டும், பிஎச் 7.4 காட்டும், ஒட்டுண்ணி நீந்திக்கொண்டிருக்கும். வயிறு சரியில்லாத பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான், யாரையும் அவமானப்படுத்த இல்லை.

"நோட்டுல தினமும் குளோரின் 2.0, பிஎச் 7.4-ன்னு அழகா எழுதியிருக்காரே. அப்புறம் நீங்க ஏன் திருப்தியாகலை?"

அழகாக இருப்பதால்தான். ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் குளித்த பின்னும் 2.0, மறுநாள் ஆளில்லாத மழை நாளிலும் 2.0 என்றால் அது தண்ணீரின் கையெழுத்து இல்லை. நிஜமான நோட்டில் ஞாயிறு இரவு 0.8 இருக்கும், திங்கள் காலை 3.4 இருக்கும், நடுவில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்கும். 0.8 எழுதினால் திட்டு விழும் என்ற பயம் ஆபரேட்டருக்கு இருக்கும்வரை எந்த கிட்டை வாங்கிக் கொடுத்தாலும் நோட்டில் 2.0-தான் வரும்.

நாங்கள் இரண்டு காரியம் செய்தோம். பிபிஎம்முக்குப் பதில் சொட்டின் எண்ணிக்கையை மட்டும் எழுதச் சொன்னோம். ஏழு சொட்டு, பதினாறு சொட்டு என்று. பெருக்கல் கணக்கு கமிட்டியின் வேலை. அடுத்து, குறைந்த எண் எழுதிய நாளில் "ஏன் குறைஞ்சுது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனை மணிக்குப் பார்த்தீங்க, எத்தனை பேர் குளிச்சிருந்தாங்க?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தோம். முதல் இரண்டு வாரம் நோட்டு படுமோசமாக இருந்தது. மூன்றாவது வாரம் அவரே வந்து, சனி ஞாயிறுகளில் ஜக்கூஸியை மாலை 5 மணிக்கு அரை மணி நேரம் மூடிவிடலாமா என்று கேட்டார். இப்போது மூடுகிறோம்.